உச்சிமாகாளிக்கு ஒருத்தருமில்லை

கீழப்பாறைப்பட்டியில் உச்சிமாகாளியின் ஒரே மகள் செண்பகவடிவு கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், வி.ஏ.ஓ. ஆபீசில், ஊர்ப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தபோதுதான். ஆனாலும் அன்றைக்கு ஊரில் அதிகமாகப் பேசப்பட்டது பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றித்தான். ஊரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, தண்ணீர் இல்லாவிட்டால் எல்லா வீட்டுக்கும் கஷ்டம், வடிவு இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்குத்தானே கஷ்டம்.

அந்தக் குழாய்க்குக் காலமெல்லாம் வால்வு திறந்து மூடினவர்தான் உச்சிமாகாளி. ஒருநாள் விடியற்காலையில் வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தார், விழுந்த ஆளை நாலு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள், போட்ட கட்டிலை விட்டு அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவில்லை. பேச்சும் போய், மகளைக் கூப்பிடுகிற "ஏட்டி" என்ற ஒரு சொல் மட்டும் வாயில் மிச்சம் நின்றது. தாகம் என்றாலும் ஏட்டி, துணி நனைந்துவிட்டது என்றாலும் ஏட்டி, வலித்தாலும் ஏட்டி, வலி நின்றாலும் ஏட்டி. எந்த ஏட்டிக்கு என்ன அர்த்தம் என்று வடிவுக்குத் தெரியும். கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகு, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே ஆள் அப்பாதான்.

அவள் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் மிட்டாய்க்குத் தாள் சுற்றுகிற வேலை பார்த்தாள். காலையில் அப்பாவைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, புரண்டு விழுந்துவிடாமல் பழைய சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு உலகம்மை மதினியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறுவாள். பொழுதடைந்து வரும்போது கையெல்லாம் வெல்லப்பாகு வாசனை இருக்கும், என்ன சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனைக்கு வீட்டுக்குள் எறும்பு வரும். ஒருநாள் வந்து கதவைத் திறந்தபோது அப்பாவின் முதுகுப் புண்ணில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவருக்கு வலிக்காமல் இல்லை, இடது கையும் சேலைக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டதால் விரட்டுவதற்குத்தான் கை இல்லை. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டி, "ஏட்டி, ஏட்டி" என்று காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. வடிவு விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எறும்பாகப் பொறுக்கினாள், பொறுக்கப் பொறுக்க அழுதாள், பெற்றவரை இப்படிப் போட்டு வைப்பதற்கு நான் செத்துப்போயிருக்கலாமே என்று வாய்விட்டுச் சொன்னாள். இனிமேல் இது ஒத்தை ஆளால் ஆகிற காரியமில்லை, சர்க்கார் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போய்க் கேட்போம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

கேட்கத்தான் கேட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்துப் புண்ணைக் கழுவி, களிம்பு கொடுத்து, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போடணும் என்று சொன்னது. பகலில் புரட்டிப் போட ஆள் யார் என்று வடிவு கேட்டதற்கு, அதுக்கு நீதான் இருக்கியேம்மா என்றது. தாலுகா ஆபீசில் முதியோர் உதவித்தொகைக்குப் போனாள், சம்பாதிக்கிற மகள் நீதான் இருக்கியேம்மா என்றார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற கூட்டத்தில் வெயிலில் நின்று மனு கொடுத்தாள், அந்த மனு எங்கெங்கோ சுற்றிவிட்டு அவளைச் சமூக நலத்துறைக்கு அனுப்பியது, அங்கே இருந்தவர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெற்றவர்களைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, உன்னைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும், நீதான் இருக்கியேம்மா என்றார். ஒருத்தரும் கெட்டவரில்லை, அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம்.

கடைசியில், புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் உதவியில் ஒரு முதியோர் இல்லம் நடக்கிறதென்றும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும் சேர்த்துக்கொள்வார்களென்றும், ஆனால் ஆதரவற்றவராக இருக்கவேண்டுமென்றும் தெரிந்துகொண்டு, அதே சமூக நலத்துறைக்காரரிடம் மறுபடி போய் நின்றாள்.

"ஆதரவற்றவருன்னா யாரு சார்?"

"ஆதரவு இல்லாதவங்கம்மா."

"எங்க அப்பாவுக்கும் ஆதரவு இல்லையே சார்."

"நீதான் இருக்கியேம்மா."

"நான் இருந்துதான சார் எறும்பு கடிச்சுது."

அவளுக்கென்று வைத்த தண்ணீரை அவரே எடுத்துக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் சொன்னதாக இருக்க வேண்டாம், உங்க ஊர் வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது ஊர்க்காரங்க நாலு பேர் சேர்ந்து இவருக்கு யாருமில்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு என்றார்.

ஊரைச் சும்மா சொல்லக்கூடாது, ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற ஊருக்கு ஒரு பொய் சொல்லி ஒரு கிழவனைக் கரை சேர்ப்பதில் என்ன கஷ்டம். உச்சிமாகாளிக்குப் பெரியப்பா மகன் முறையாகும் பால்வண்ணம் நானே முன்னால் நின்று சொல்கிறேன் என்றார். வடிவுக்கு அவர் பெரியப்பா, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். உலகம்மை மதினி மட்டும், சொல்வதுதான் சொல்கிறீர்கள், அவள் வீட்டில் இருக்கும்போதாவது சொல்லுங்கள், எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லாதீர்கள் என்றாள். பொம்பிளை பேச்சு என்று விட்டுவிட்டார்கள். வடிவும் கேட்கவில்லை, எனக்காகப் பொய் சொல்லப் போகிறவர்கள், நான் கூடப் போய் நிற்காமல் வீட்டில் கிடந்தால் என்ன மரியாதை என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

வி.ஏ.ஓ. வாலிபப் பிள்ளை, வடிவு கொடுத்த கடலைமிட்டாயைப் பலதடவை வாங்கித் தின்றவர். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உச்சிமாகாளி என்பவருக்குப் பிள்ளைகுட்டி, உறவு என்று யாராவது உண்டா என்று கேட்டார்.

பால்வண்ணம் துண்டை இடுப்புக்கு இறக்கித் தொண்டையைச் செருமினார்.

"முன்னயும் ஒருத்தருமில்ல சார், பின்னயும் ஒருத்தருமில்ல. ஒத்தைக்கட்டை."

அவர் வாயை மூடவில்லை, டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. பேச்சு நடக்கும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சு பலிக்கும், நல்ல பேச்சா கெட்ட பேச்சா, நிஜமா பொய்யா என்று பல்லி பார்ப்பதில்லை. கேட்டவர்கள் விரலால் மூன்றுதரம் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்று அதை ஒத்துக்கொள்ளவேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து பழகிப்போன கை யோசிக்க நேரம் கேட்பதில்லை. பால்வண்ணம் சுவரில் தட்டினார், தரையில் இருந்தவர்கள் தரையில் தட்டினார்கள், படித்த பிள்ளை வி.ஏ.ஓ.வும் மேஜையில் தட்டினார், வாசலில் நின்ற வடிவும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று, நிலைக்கட்டையில் மூன்றுதரம் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்றாள்.

காரியம் முடிந்து வெளியே வந்த தலையாரி அவள் மேல் நேராக வந்து மோதிவிட்டு, இந்த இடத்தில் தூண் எப்போது நட்டார்கள் என்று காற்றைத் தடவிப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து வடிவு சிரித்தாள். அவள் சிரித்த பக்கம் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், பால்வண்ணம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சரி, வேலை முடிந்தால் போதும், வெயில் ஏறுகிறது, கிளம்புங்கள் என்றார்.

ஊருக்கு அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முதல்நாள் சாயங்காலம் உலகம்மை மதினி குழம்புக் கிண்ணத்தோடு வந்து, ஏட்டி வடிவு எங்கே இருக்கே என்று கேட்க, இங்கதான் மதினி என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. சரி பிடி, தளும்ப ஊத்தியிருக்கேன் என்று மதினி கிண்ணத்தை நீட்டினாள், கிண்ணம் அவள் கையை விட்டுப் போய் அடுப்பு மேடையில் உட்கார்ந்தது, மதினி நீட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு பார்த்துப் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால், வடிவக்கா ஏறியாச்சா என்று கேட்பார், ஏறியாச்சு என்று சத்தம் வந்ததும் ஊதுவார். அவள் உட்கார்ந்திருக்கும் சீட்டில் யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் பூக்காரி ஒருத்தி தினமும் ஒரு முழம் கனகாம்பரம் கொடுத்தாள், தலையில் வைத்துக்கொண்டால் பூ மட்டும் தெரியும். கம்பெனியில் சூப்பர்வைசர், கை வேலை செய்யுதுல்லா, முகத்தை வச்சா மிட்டாய் சுத்தப் போறோம் என்றார். ஆனால் விரல் வைக்கிற வருகை மிஷின் அவள் விரலை எடுக்கவில்லை, அதனால் அவள் சுற்றின மிட்டாயெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கணக்கில் போனது. கோயிலில் பூசாரி, எங்கம்மா நிக்கே என்று கேட்டு, குரல் வந்த பக்கம் திருநீற்றை வீசினார். பயமோ அதிசயமோ யாருக்கும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர் இலைக்கு முன்னால் ஆள் இல்லாமல் சோறு குறைந்தால், வடிவுக்கு ரசம் ஊத்துங்கப்பா என்றார்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு அவள் உருவம் மட்டும்தான் போயிருந்தது. அப்பாவுக்குக் குரலும் சேர்ந்தே போய்விட்டது, ஏனென்றால் இல்லையென்று சொல்லப்பட்டது அவருக்குத்தானே. வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து வந்து, அப்பா காரியம் ஜெயம் என்று கட்டிலில் உட்கார்ந்தவள், அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கோபமாக இருக்கிறார் என்று நினைத்தாள். வீட்டை விட்டு அனுப்புகிறேன் என்று தெரிந்துவிட்டதுபோல, பேசமாட்டார், விடு என்று நினைத்தாள். கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு போனபோது வாயைத் திறந்தார், குடித்தார். துணியை மாற்றியபோது இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார். ஏட்டி என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அந்தச் சொல் எந்த ஆளுக்காக அவர் வாயில் தங்கியிருந்ததோ அந்த ஆளோடு அதுவும் போய்விட்டது என்று அவளுக்கு விளங்க நாலு நாள் ஆயிற்று. விளங்கினபோது அவள் அவருடைய காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள், அப்பா நான் வடிவு, நான் வடிவு என்று தெருவே கேட்கக் கத்தினாள், உலகம்மை மதினி ஓடிவந்து வாசலில் நின்றாள், அவரோ ஈ ஏதோ வந்துவிட்டதென்று தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இல்லத்திலிருந்து வண்டி வந்தது. ஊரே வந்து வழியனுப்பியது, ஆதரவற்ற கிழவரை அநாதையாக அனுப்பக்கூடாது என்று பால்வண்ணம் ஒரு புது வேட்டி கொண்டுவந்து போர்த்தினார். வண்டியில் வடிவும் ஏறிக்கொண்டாள், யார் தடுக்கிறது.

அப்பாவை அங்கே விட்டுவிட்டு, இனி அவருக்குப் பகலில் புரட்டிப் போட ஆள் உண்டு, எறும்பு பார்க்க ஆள் உண்டு என்ற நிம்மதியில் கம்பெனிக்குத் திரும்புவதுதான் அவள் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் அத்தனை படி ஏறி இறங்கினாள். ஆனால் நாற்பது கட்டிலுக்கு இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள், அதில் ஒருத்தி லீவு, இன்னொருத்தி ரெஜினா. ரெஜினாவும் பத்துக் கையோடு பிறந்தவள் இல்லையே. ஒரு வாரம் கழித்து அப்பாவைப் பார்க்க வந்த வடிவு, போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, வாளியில் வெந்நீர் பிடிக்கப் போனாள். அதற்கப்புறம் அவள் கம்பெனிக்குப் போகவில்லை.

வாளி தானாக நடந்து போவதையும், கிழவர் தானாகப் புரள்வதையும் ரெஜினா கொஞ்சநேரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, யாரும்மா அது என்று கேட்டாள். உச்சிமாகாளி மகள் என்று பதில் வந்தது.

"அவருக்குத்தான் ஒருத்தருமில்லன்னு எழுதியிருக்கே. சரி, நீ யாரா இருந்தா என்ன. கையோட அந்தப் பக்கத்துக் கட்டிலையும் பாத்துரு, தாயி."

வடிவு அந்தப் பக்கத்துக் கட்டிலையும் பார்த்தாள். அதற்கடுத்த கட்டிலையும் பார்த்தாள். பகல் முழுக்கப் பார்த்தாள், விளக்கு அணைத்த பிறகும் பார்த்தாள், ரெஜினா சமையலறை ஓரத்தில் ஒரு தட்டுச் சோறு மூடிவைத்துவிட்டுப் போவாள், அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பார்த்தாள். எந்த வேலையைச் செய்ய ஒரு கை வேண்டுமென்று ஊர் ஊராக அலைந்தாளோ அந்த வேலையை அதே கையால்தான் செய்தாள். வித்தியாசம் இவ்வளவுதான், முன்னே அப்பா ஏட்டி என்று ஒரு சொல் சொல்வார்.

இதற்குள் ஊரில் விஷயம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. உச்சிமாகாளிக்கு இடம் கிடைத்துவிட்டதாம், முதுகுப் புண்கூட ஆறிவிட்டதாம் என்று தெரிந்ததும், தாயைத் தகப்பனைக் கட்டிலில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் பால்வண்ணத்திடம் வந்து, எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க என்று நின்றார்கள். என்ன ஆகும் என்று தெரியாமல் ஒருத்தரும் வரவில்லை, தெரிந்தேதான் வந்தார்கள். பல்லி அந்த இடத்தை விட்டுப் போய்விடக் கூடாதென்று ஊர்ப்பொதுவில் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு இன்னொரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார்கள், வெளிச்சம் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி இருக்கும். பால்வண்ணம் சொன்னார், பல்லியும் சொன்னது, எல்லோரும் தட்டினார்கள். ஒருத்தன் ஒருத்தியாக ஆள்கள் மறைந்தார்கள், பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிட வேண்டிய பெயர்கள் கூடிக்கொண்டே போயின, பூக்காரிக்குக் கனகாம்பரம் கட்டிமாளவில்லை. இல்லத்தில் எல்லாக் கட்டிலும் சுத்தமாக இருந்தது, எல்லா வாளியும் தானாக நடந்தது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், ஒரே ஒரு ஆயாவை வைத்துக்கொண்டு இவ்வளவு நேர்த்தியாக நடத்துகிறீர்களே, அப்படியானால் இன்னொரு ஆயா தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெஜினா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வடிவு ஒரே ஒருதரம் ஊருக்குத் திரும்பிப் போனாள். பால்வண்ணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா, சொன்ன வார்த்தையை எடுத்துக்கிடுங்க, அவரு வாயால ஒருதரம் கூப்பிட்டாப் போதும் என்று அழுதாள். தன் காலில் கண்ணீர் சொட்டுவது மட்டும் தெரிந்து, பெரியப்பாவும் அழுதுவிட்டார், அவளையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனார். வி.ஏ.ஓ. எல்லாவற்றையும் கேட்டார். சொன்னதை மாற்றிச் சொல்வதில் தடையில்லை என்றார். ஆனால் மகள் இருக்கிறாள் என்று சொன்ன நிமிஷமே கிழவர் ஆதரவற்றவர் இல்லை, இன்றைக்கே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், வருகிற இடம் பூட்டின வீடு, வடிவுக்குக் கம்பெனியும் இல்லை, கஞ்சிக்கு மறுபடி வேலை தேடி ஓடவேண்டியதுதான். அவர் முதல்முறையாக ஜன்னலைப் பார்க்காமல் வாசல்நிலையைப் பார்த்துச் சொன்னார்.

"எது வேணும்னு அந்த அக்காவே சொல்லட்டும். நான் எழுதிருதேன்."

எல்லோரும் வாசல்நிலையைப் பார்த்தார்கள். வடிவு அங்கே இல்லை, மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது, நான் இருக்கேன் என்று இரண்டு சொல், அதற்குமேல் வேண்டியதில்லை. கட்டிலோடு கட்டின சேலை ஞாபகம் வந்தது, காலையிலிருந்து சாயங்காலம்வரை பூட்டின கதவு ஞாபகம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள், குரல் வரவில்லை என்பதால் அவள் கிளம்பிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

மழைக்காலம் வந்தபோது உச்சிமாகாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுத் திரும்பியது. ஒரு சொல், இரண்டு சொல் என்று வந்து, பிறகு நிதானமாக, கொழகொழவென்று, ஆனால் விளங்கும்படி பேசினார். வடிவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ரெஜினாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அக்கா, நான் சொன்னா அவருக்குக் கேக்காது, நீங்க சொல்லுங்க, உங்க மக பக்கத்துலயே இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கெஞ்சினாள். ரெஜினா கட்டிலருகே குனிந்து, தாத்தா, உங்க மக வடிவு இங்கதான் இருக்கு, அதுதான் இத்தனை நாளும் உங்களைப் பாக்குது என்று சொன்னாள்.

கிழவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"மக இருந்தா நான் எதுக்கும்மா இங்க வந்து கெடக்கேன்?"

வடிவு கஞ்சித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊட்டினாள். அவர் ஒவ்வொரு வாயாக விழுங்கினார், எல்லாம் முடிந்து ஈரத்துணி வந்து உதட்டையும் தாடையையும் துடைத்தபோது, நல்லா இருந்த இடது கையால் அந்தத் துணியைப் பிடித்து, துணிக்குள் இருந்த விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றார் உச்சிமாகாளி, "மவராசியா இருக்கட்டும்."